வெள்ளைக் காய் கிடைச்சாச்சு... அப்புறம்?

குட்டீஸ், செஸ் போட்டிக்குப் போயிருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை காலையில், பொத்தேரி ஸ்டேஷனில் அப்பாவோ அம்மாவோ கையைப் பிடித்து மின்சார ரயிலில் ஏற்றிவிட்டிருப்பார்கள். பையில் தண்ணீர் பாட்டில், தயிர் சாதம், இரண்டு பேனா. போட்டி நடக்கும் ஹாலில் நுழைந்ததும் எல்லாரும் சுவரை நோக்கி ஓடுவார்கள். அங்கே ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் பெயர், எதிராளியின் பெயர், எத்தனையாவது பலகை, என்ன நிறம் எல்லாம் இருக்கும். 'வெள்ளை' என்று பார்த்துவிட்டால் ஒரே குஷி! முதல் ஆட்டம் நம்முடையது அல்லவா?

சரி, கடிகாரத்தை அமுக்கியாச்சு. இப்போது எந்தக் காயை நகர்த்துவீர்கள்?

வெள்ளைக்கு முதல் நகர்த்தலில் 20 வழிகள் உண்டு. எட்டு சிப்பாய்களும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ போகலாம், அது 16. இரண்டு குதிரைகளும் ஆளுக்கு இரண்டு இடங்களுக்குத் தாவலாம், அது 4. கருப்புக்கும் இதே 20. ஆக, ஆளுக்கு ஒரு நகர்த்தல் முடிவதற்குள் பலகை 400 விதமாக மாறியிருக்கலாம். அடுத்தடுத்த நகர்த்தலுக்குக் கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

எல்லாவற்றையும் யாராலும் படிக்க முடியாது. அதனால்தான் செஸ் வீரர்கள் ஒரு வேலை செய்கிறார்கள். 'நான் வெள்ளை என்றால் இதைத்தான் ஆடுவேன். எதிராளி இப்படிப் பதில் சொன்னால் அப்படி, அப்படிச் சொன்னால் இப்படி' என்று தங்களுக்கென ஒரு தொகுப்பைத் தயாராக வைத்துக்கொள்வார்கள். கச்சேரி செய்யும் பாடகருக்கு எல்லாப் பாட்டும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வர்ணத்தில் ஆரம்பித்து மங்களம் வரை பாட, நன்றாகப் பாடம் பண்ணிய பாட்டுகள் கையில் இருக்கும் இல்லையா? அது மாதிரிதான். ஆங்கிலத்தில் இதை 'ஓபனிங் ரெப்பர்ட்வார்' என்பார்கள். வாயில் நுழையாவிட்டால் கவலை வேண்டாம், நாம் 'தொடக்கத் தொகுப்பு' என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனந்த் மாற்றிய ஒரு சிப்பாய்

நம்ம விஸ்வநாதன் ஆனந்த் 1969-ல் மயிலாடுதுறையில் பிறந்தவர். ஆறு வயதில் அம்மா சுசீலாவிடம் செஸ் கற்றுக்கொண்டார். சென்னையில் டால் செஸ் கிளப்பில் ஆடி வளர்ந்தார். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் 2008-ல் அவர் செய்த ஒரு காரியம் பல பேருக்குத் தெரியாது.

அதற்கு முன் கட்டங்களின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளைப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால், இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று எட்டு வரிசைகள். கீழிருந்து மேலாக 1 முதல் 8. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் அது 'இ-4'. ராணிக்கு முன்னால் நிற்பதை இரண்டு கட்டம் தள்ளினால் 'டி-4'. அவ்வளவுதான்.

ஆனந்த் சின்ன வயதிலிருந்து வெள்ளையில் பெரும்பாலும் ஆடியது இ-4. அதில் அவர் கில்லாடி. 2007-ல் மெக்சிகோ சிட்டியில் உலக சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டு அக்டோபரில், ஜெர்மனியின் போன் நகரில், ரஷ்யாவின் விளாதிமிர் கிராம்னிக்குடன் 12 ஆட்டங்கள் கொண்ட உலக சாம்பியன் போட்டி.

கிராம்னிக் சாமானியப்பட்டவர் இல்லை. 2000-ம் ஆண்டு லண்டனில், அப்போதைய சாம்பியன் கேரி காஸ்பரோவை வீழ்த்தியவர். அந்தப் போட்டியில் காஸ்பரோவ் இ-4 ஆடியபோது பெரும்பாலும் கிராம்னிக் 'பெர்லின் தடுப்பு' என்ற பழைய முறையைத் தூசி தட்டி எடுத்து ஆடினார். சுவர் மாதிரி நின்றது அது! மொத்தப் போட்டியிலும் காஸ்பரோவால் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்க முடியவில்லை. பெர்லின் தவிர, இ-4க்கு 'பெட்ரோஃப் தடுப்பு' என்ற இன்னொரு சுவரும் கிராம்னிக்கிடம் இருந்தது.

ஆனந்த் என்ன செய்தார் தெரியுமா? சுவரில் போய் முட்டவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் அவருக்கு முதன்முதலாக வெள்ளை வந்தபோது, டி-4 ஆடினார்! எல்லாருக்கும் ஆச்சரியம். டி-4 கிராம்னிக்கின் சொந்த ஏரியா. அவர் வீட்டுக்குள்ளேயே போய் அவருடன் மோதுவதா?

நமக்கு ஒரு சிப்பாய்தான் மாறியது போல் தெரியும். ஆனால் இ-4ஐ விட்டு டி-4க்கு மாறினால், அதற்குப் பின்னால் வரும் ஆட்டம் முழுவதும் மாறிவிடும். பல வருடம் படித்ததை ஓரமாக வைத்துவிட்டு வேறு பாடப் புத்தகத்தை எடுப்பது மாதிரி. ஆனந்துக்குத் துணையாக டென்மார்க்கின் பீட்டர் ஹெய்ன் நீல்சன், உஸ்பெகிஸ்தானின் ருஸ்தம் காசிம்ஜானோவ், போலந்தின் ரதோஸ்லாவ் வோய்தாஷேக், கொல்கத்தாவின் சூர்யசேகர் கங்குலி ஆகிய நான்கு பேர் மாதக்கணக்கில் உழைத்தார்கள்.

பலன்? மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களில் கருப்புக் காயுடன் ஆனந்த் வெற்றி. ஆறாவதில் டி-4 ஆடி வெள்ளைக் காயுடன் வெற்றி. பாதிப் போட்டியிலேயே 4.5 - 1.5! பத்தாவது ஆட்டத்தை கிராம்னிக் ஜெயித்தார். பதினொன்றாவது ஆட்டத்தில் ஆனந்துக்கு டிரா போதும். கிராம்னிக்குக் கட்டாயம் வெற்றி வேண்டும். வெள்ளைக் காயுடன் உட்கார்ந்த ஆனந்த் அன்றைக்கு ஆடியது... இ-4! இப்போது கிராம்னிக்கால் தன் சுவருக்குப் பின்னால் ஒளிய முடியாது. சுவர் கட்டினால் டிரா ஆகும், டிரா ஆனால் ஆனந்த் சாம்பியன். வேறு வழியில்லாமல் சிசிலியன் ஆடினார். 24 நகர்த்தலில் டிரா. 6.5 - 4.5 என்ற கணக்கில் பட்டம் ஆனந்துக்கே! எனக்கு இந்தப் போட்டியில் ரொம்பப் பிடித்தது இந்தக் கடைசி இ-4தான்.

உங்களுக்கு ஒரு தொகுப்பு

'அவர் உலக சாம்பியன். ஏழாம் வகுப்பு படிக்கிற நான் என்ன செய்வது?' என்று கேட்கிறீர்களா? வாருங்கள், பலகையை எடுத்து வையுங்கள். படிக்கும்போதே காய்களை நகர்த்திப் பாருங்கள், அப்போதுதான் மனதில் நிற்கும்.

நாம் இ-4 ஆடுவோம். நடுவில் இடம் பிடிக்கிறது. ராணிக்கும் பிஷப்புக்கும் (சிலர் மந்திரி என்பார்கள்) வழி திறக்கிறது. ஆட்டம் சூடாகவும் இருக்கும், சின்ன வயதில் அதுதான் நல்லது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நாலே நகர்த்தலில் ராணியையும் பிஷப்பையும் வைத்து 'செக்மேட்' பண்ணும் வித்தை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் அது பலிக்கும். போட்டியில் எதிராளி ஜி-6 என்று ஒரு சிப்பாயைத் தள்ளுவார், உங்கள் ராணி ஓட வேண்டும். அடுத்து குதிரை வரும். நீங்கள் ராணியை வைத்து ஓடிப்பிடித்து விளையாடும் நேரத்தில் அவர் எல்லாக் காய்களையும் வெளியே கொண்டு வந்திருப்பார். அது தொகுப்பில் வேண்டாம்!

இ-4க்குக் கருப்பு இ-5 என்று பதில் சொன்னால், குதிரையை எஃப்-3க்குத் தாவவிடுங்கள். அது இ-5 சிப்பாயைத் தாக்குகிறது. கருப்பு தன் குதிரையை சி-6ல் வைத்துக் காப்பாற்றும். இப்போது உங்கள் பிஷப் சி-4க்கு. இதற்கு 'இத்தாலியன்' என்று பெயர். நானூறு வருடத்துக்கு முன்பே இத்தாலியில் ஆடியிருக்கிறார்கள். இன்றைக்கு உலக சாம்பியன் போட்டிகளிலும் ஆடுகிறார்கள்.

பிஷப் ஏன் அங்கே போகிறது? கருப்பின் எஃப்-7 சிப்பாயைப் பாருங்கள். ஆட்டத்தின் ஆரம்பத்தில் அதற்கு ராஜாவைத் தவிர வேறு காவலே கிடையாது. பிஷப் அதைக் குறிவைத்து உட்கார்ந்திருக்கிறது. அடுத்து என்ன? சி-3, டி-3 என்று சிப்பாய்களைத் தள்ளுங்கள். கேஸ்லிங் செய்து ராஜாவைப் பத்திரப்படுத்துங்கள். யானையை இ-1க்குக் கொண்டு வாருங்கள். இன்னொரு குதிரை பி-1ல் சும்மா நிற்கிறதே? அது டி-2 போய், அங்கிருந்து எஃப்-1, பிறகு ஜி-3. வண்டலூர் பூங்காவைச் சுற்றிப் பார்ப்பது மாதிரி நீளமான பயணம்தான்! ஆனால் ஜி-3க்கு வந்துவிட்டால் கருப்பு ராஜாவின் பக்கம் தாக்குதலுக்குத் தயார்.

இதில் சி-3 சிப்பாயை நன்றாக நினைவில் வையுங்கள். அது பிறகு டி-4 தள்ளுவதற்குத் துணை. நடுவில் எதிராளி ஒரு சிப்பாயை வெட்டினால், நாமும் சிப்பாயாலேயே திருப்பி வெட்டலாம். நடு இடம் நம்மிடமே இருக்கும். அந்த சி-3ஐ வைத்தே நமது மொத்தத் தொகுப்பையும் கட்டப் போகிறோம்.

எப்படி? கருப்பு இ-5க்குப் பதில் சி-5 ஆடினால் அது சிசிலியன். பெரியவர்கள் தடிமன் தடிமனாகப் புத்தகம் எழுதியிருக்கும் ஓபனிங். நாம் அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம். இரண்டாவது நகர்த்தலிலேயே சி-3! அடுத்து டி-4 தள்ளுவதுதான் நோக்கம். கருப்பு குதிரையை எஃப்-6க்குக் கொண்டு வந்து இ-4 சிப்பாயைத் தாக்கினால், இ-5 தள்ளிக் குதிரையை விரட்டுங்கள். அது டி-5க்குப் போகும். நீங்கள் டி-4. கருப்பு உடனே டி-5 தள்ளினால்? வெட்டுங்கள். ராணி வந்து திருப்பி வெட்டும். வழக்கமாக நாம் குதிரையை சி-3ல் வைத்து அந்த ராணியை விரட்டுவோம். இங்கே அந்தக் கட்டத்தில் நம் சிப்பாயே நிற்கிறது! சி-3க்கு நாம் கொடுக்கும் விலை இது. பரவாயில்லை, டி-4 தள்ளி ஆட்டத்தைத் தொடரலாம்.

கருப்பு இ-6 ஆடினால் 'பிரெஞ்சு'. டி-4 தள்ளுங்கள், அது டி-5 தள்ளும், நீங்கள் இ-5 என்று முன்னேறுங்கள். கருப்பு சி-5 என்று உங்கள் சிப்பாய்ச் சங்கிலியின் அடியில் தட்டும். பதில் என்ன? சரியாகச் சொன்னீர்கள், சி-3! கருப்பின் சி-8 பிஷப்பைப் பாருங்கள். தன்னுடைய இ-6 சிப்பாயாலேயே அடைபட்டுக் கிடக்கிறது, பாவம். பிரெஞ்சு ஆடுகிறவர்களுக்குக் காலம் காலமாக இதுதான் தலைவலி.

அந்தத் தலைவலி வேண்டாம் என்று நினைப்பவர்கள் சி-6 ஆடுவார்கள்; 'காரோ-கான்'. இங்கேயும் டி-4, டி-5, இ-5 அதே வழி. ஆனால் இம்முறை பிஷப் எஃப்-5க்கு வெளியே வந்துவிடும். விடுங்கள். குதிரை எஃப்-3, பிஷப் இ-2, கேஸ்லிங். சி-3 தேவைப்படும்போது தள்ளிக்கொள்ளலாம்.

மிச்சம் இருப்பவை சீக்கிரம் முடியும். கருப்பு முதல் நகர்த்தலிலேயே டி-5 தள்ளினால் வெட்டுங்கள். ராணி திருப்பி வெட்டினால் குதிரை சி-3. ராணி ஓடும், உங்களுக்கு ஒரு நகர்த்தல் லாபம். டி-6 அல்லது ஜி-6 என்று மெதுவாக ஆரம்பித்தால் டி-4, இரண்டு குதிரைகள், பிஷப் இ-2, கேஸ்லிங். போதும்.

இப்போது ஒரு வேடிக்கை. சிசிலியனில் சி-3 ஆடுகிறீர்கள்; கருப்பு இ-6. நீங்கள் டி-4, கருப்பு டி-5, நீங்கள் இ-5. பலகையைப் பாருங்கள்... எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? ஆமாம், பிரெஞ்சில் வந்த அதே நிலை! பொத்தேரியிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் வழியாகப் போனாலும் தாம்பரம்தான், ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் போனாலும் தாம்பரம்தான். செஸ்ஸிலும் அப்படி இரண்டு வழிகள் ஒரே இடத்தில் வந்து சேரும். தொகுப்பில் ஒரே மாதிரி சிப்பாய் அமைப்புகளைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை மிச்சம்.

கிராம்னிக் சுவரில் ஒரு ஓட்டை

பெட்ரோஃப் என்று ஒரு சுவர் சொன்னோமே, அது உங்களுக்கும் வரலாம். இ-4, இ-5, குதிரை எஃப்-3. இப்போது கருப்பு தன் சிப்பாயைக் காப்பாற்றாமல், குதிரையை எஃப்-6ல் வைத்து உங்கள் இ-4 சிப்பாயைத் தாக்கும். நீங்கள் குதிரையால் இ-5 சிப்பாயை வெட்டுங்கள். விவரம் தெரிந்தவர் டி-6 தள்ளி முதலில் உங்கள் குதிரையை விரட்டிவிட்டுத்தான் இ-4ஐ வெட்டுவார். அவசரக்காரர் உடனே இ-4ஐ வெட்டிவிடுவார். நீங்கள் ராணியை இ-2க்கு நகர்த்துங்கள். தாக்கப்பட்ட குதிரை பதறிப்போய் எஃப்-6க்கே திரும்பினால்... ஒரே நகர்த்தலில் எதிராளியின் ராணி காலி! எப்படி? யோசியுங்கள். விடை கடைசியில்.

மனப்பாடம் மட்டும் போதுமா?

சுல்தான் கான் என்று ஒருவர் இருந்தார். பஞ்சாபைச் சேர்ந்தவர். அந்தக் காலத்து இந்திய செஸ்ஸில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். அதைக் கற்று வளர்ந்தவர், பெரியவரான பிறகுதான் சர்வதேச விதிகளைப் பழகினார். ஓபனிங் புத்தகம் எதுவும் படித்தவர் அல்ல. இங்கிலாந்துக்குப் போய் 1929, 1932, 1933 ஆகிய மூன்று வருடங்கள் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்! முன்னாள் உலக சாம்பியன் கேப்பபிளாங்காவையும் ஓர் ஆட்டத்தில் தோற்கடித்தார். தொடக்கத்தில் தடுமாறி, நடு ஆட்டத்திலும் கடைசி ஆட்டத்திலும் மீண்டு வருவார். 2024-ல், அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, உலக செஸ் கூட்டமைப்பு அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது.

எல்லாம் மனப்பாடம் பண்ணினாலும் சறுக்கலாம். 2010-ல் பல்கேரியாவின் சோஃபியாவில் டோபலோவுடன் உலக சாம்பியன் போட்டி. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஆனந்த் ஜெர்மனியிலிருந்து சாலை வழியாகவே சுமார் 40 மணி நேரம் பயணம் செய்து போய்ச் சேர்ந்தார். முதல் ஆட்டத்தில் தான் தயாரித்து வைத்திருந்த நகர்த்தல்களையே வரிசை குழப்பிக்கொண்டு தோற்றார். ஆனந்துக்கே அந்தக் கதி! ஆனால் இரண்டாவது, நான்காவது ஆட்டங்களில் வெள்ளையில் 'கட்டலான்' என்ற ஓபனிங்கை ஆடி ஜெயித்து, கடைசியில் பட்டத்தையும் தக்கவைத்துக்கொண்டார்.

அதனால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 'ஏன்?' என்று கேளுங்கள். சி-3 ஏன்? டி-4க்குத் துணை. பிஷப் சி-4 ஏன்? எஃப்-7. பதில் தெரிந்தால், எதிராளி புத்தகத்தில் இல்லாததை ஆடினாலும் நீங்கள் திகைக்க மாட்டீர்கள்.

2022 ஜூலையில் சென்னை நேப்பியர் பாலமே செஸ் பலகையாக மாறியது ஞாபகம் இருக்கிறதா? வேட்டி கட்டிய 'தம்பி' குதிரை எல்லா இடத்திலும் கும்பிட்டு நின்றதே! மாமல்லபுரத்தில் நடந்த அந்த ஒலிம்பியாடில் 16 வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்தார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரேனை வென்று, 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அந்தப் போட்டியில் வெள்ளையில் அவர் என்ன ஆடினார் தெரியுமா? முதல் ஆட்டத்தில் இ-4. மூன்றாவதில் டி-4, அதில் வெற்றி. பதினொன்றாவதில் குதிரை எஃப்-3, அதிலும் வெற்றி. ஒரே போட்டியில் மூன்று வாசல்! நமக்கு இப்போதைக்கு ஒரு வாசல் போதும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கருப்பின் ஒவ்வொரு பதிலுக்கும் ஐந்து பக்கம் ஒதுக்குங்கள்: இ-5, சி-5, இ-6, சி-6, டி-5, மற்றவை. போட்டியில் நகர்த்தல்களைத் தாளில் எழுதுகிறீர்கள் அல்லவா, அதைத் தூக்கிப் போடாமல் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். ரயிலிலேயே புரட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் உங்களுக்குத் தெரியாத நகர்த்தல் வந்தது? அந்த ஒரு வரியை, உரிய பக்கத்தில், தேதியுடன் எழுதுங்கள். பயிற்சியாளரிடம் கேட்டுப் பதிலையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு போட்டிக்கு நாலைந்து வரிதான் சேரும். முழுப் பரீட்சை லீவும் முடிவதற்குள் நோட்டு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்! கம்ப்யூட்டரிடம் உடனே கேட்டுவிடாதீர்கள். முதலில் நீங்களே பத்து நிமிடம் பலகையில் முட்டி மோதிப் பாருங்கள், அப்புறம் கேட்கலாம்.

(விடை: இ-5ல் இருக்கும் உங்கள் குதிரை சி-6க்குத் தாவ வேண்டும். அது நகர்ந்ததும் இ-2 ராணி நேராகக் கருப்பு ராஜாவுக்கு 'செக்' கொடுக்கிறது. அதே நேரம் குதிரை டி-8ல் இருக்கும் ராணியைத் தாக்குகிறது. கருப்பு முதலில் செக்கைத்தான் கவனிக்க வேண்டும். பிஷப்பை இ-7ல் வைத்து மறைத்தால் குதிரை டி-8ல் ராணியை வெட்டும். ராணியையே இ-7ல் வைத்து மறைத்தால் அங்கேயும் குதிரை வெட்டும்!)